வேலிக்கு மேலாகச் சொன்ன பயணம்

மலாயாவுக்குக் கப்பலேற முன் உறவினருக்குப் பயணம் சொல்லிவிட்டு வருவதற்காக, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் கொக்குவிலிலிருந்து உடுப்பிட்டிக்குப் போனோம். நான் பிறந்த வீட்டில் அப்போது அக்கா குடும்பம் இருந்தது. அடுத்த வீடும் வளவும் அண்ணையுடையவை.

இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. முன்பு அந்த வேலியில் ஆள் குனிந்து நுழையும் அளவில் ஒரு பொட்டு இருந்தது. கறிச் சட்டியும் பிள்ளைகளும் அதனூடாகவே போய் வந்தார்கள். ஒரு வருடம் வேலி அடைக்கும்போது, வேலியைத் தாங்கும் கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதாக அண்ணைக்கும் அக்காவின் கணவரான அத்தானுக்கும் சண்டை மூண்டது. அன்றே பொட்டு அடைபட்டது. அக்கா வீட்டில் வந்து தங்குகிறவள் என்பதால் அண்ணை என்னோடும் கதைப்பதை விட்டுவிட்டார்.

எங்களைப் பெற்ற ஐயா காலமாகிவிட்டார். பயணம் போகிற எனக்குத் திருநீறு பூசிவிட அண்ணைதான் வேண்டும். அது இல்லாமல் கப்பலேற என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அண்ணையின் வாசல் கதவான படலையைத் திறந்தால் பிறகு தன் வீட்டில் கை நனைக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். வர வேண்டியவர்கள் வரட்டும் என்று அண்ணையும் ஊருக்குள் சொல்லியிருந்தாராம். முதலில் படலை திறப்பவர் தோற்றவர். எங்கள் பக்கத்தில் பகை அப்படித்தான் நடக்கும்.

நான் உரத்துக் கதைத்துப் பழகியவள் அல்ல. சந்தையில் விலை கேட்பதற்கும் கணவரைத்தான் அனுப்புவேன். மறுநாள் காலை வேலியோரம் கட்டியிருந்த அக்காவின் மாட்டுக்கு வைக்கோல் போடும்போது அந்தப் பக்கம் அண்ணையின் இருமல் கேட்டது. அவரும் தன் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நான் மாட்டைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"வெள்ளிக்கிழமை ரெயிலிலை போறம். பிறகு எப்ப வாறமோ தெரியாது. உனக்கெண்டாலும் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அண்ணை தன் மாட்டிடம் சொன்னார்: "பாத்தியே, மாட்டுக்குப் பயணம் சொல்லத் தெரியுது. கூடப்பிறந்தவனுக்குச் சொல்லத் தெரியேல்லை."

"கூடப்பிறந்தவர் பொட்டை அடைச்சுப்போட்டு இருந்தா மாட்டுக்குத்தானே சொல்லலாம்."

"கதியாலைத் தள்ளி நட்டது ஆர் எண்டு உந்த மாட்டைக் கேள்."

அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து குசினி வாசலுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"மாட்டுக்குச் சாண் கணக்குத் தெரியாது. நான் கேக்க வந்ததும் கதியால் இல்லை. திருநீறு."

அண்ணையின் காலடிச் சத்தம் தூரப் போயிற்று. முடிந்தது என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் வேலியில் கத்தி விழும் சத்தம் கேட்டது. பழைய பொட்டு இருந்த அதே இடத்தில் கட்டுகள் அறுந்தன, கிடுகுகள் சரிந்தன. முதலில் திருநீறு வைக்கும் ஓலைக் குட்டானைப் பிடித்த கை வந்தது. பிறகு குனிந்தபடி அண்ணை வந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, "நான் படலையாலை வரேல்லை," என்றார்.

படலையை ஒருவரும் திறக்கவில்லை, அதனால் ஒருவரும் தோற்கவில்லை.

அண்ணை என் நெற்றியில் திருநீறு பூசி, "சுகமாப் போட்டு வா, பிள்ளை," என்றார். பிள்ளைகளுக்கும் பூசினார். நிமிர்ந்தபோது அக்கா மூக்குப்பேணியில் கோப்பி கொண்டு வந்து நின்றார். அண்ணை அதை வாங்கி அண்ணாந்து குடித்து முடித்தார்.

பின்னேரம் அத்தான் பொட்டின் இரு பக்கமும் புதுக் கதியால் நட்டார். அண்ணைதான் அளவுக் கயிறு பிடித்தார். சாண் கதை எழவே இல்லை.

வாடகைக் கார் வந்தபோது நான் அக்காவின் படலைப் பக்கம் போகவில்லை. பொட்டால் நுழைந்து, அண்ணையின் முற்றத்தால் நடந்து, அவருடைய படலையைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தேன். என் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவும் அதே வழியால் என் பின்னே வந்தார்.