லோரியில் உட்கார்ந்தே பார்த்த ஊர்கள்

லோரி ஓட்டுகிறவனுக்கு எல்லா ஊருக்கும் வழி தெரியும், ஒரு ஊரும் தெரியாது. எனக்கு இந்த நிலைமையை முதலில் உண்டாக்கியவர் எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி தேவசகாயம். பேரைச் சொல்லித்தான் எழுதுகிறேன். ஆள் இன்னும் இருக்கிறார், படிக்கட்டும்.

மலாயாவில் அவசரகாலம் இருந்தபோது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. சாப்பாடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். பட்டணத்தில் வாங்கிய வடையையும் ரோட்டுத் தடுப்பைத் தாண்டிக் கொண்டுவர முடியாது. சம்பளம் போட்டதும் வரும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும், தோட்டத்துத் துரை மனம் வைத்தால், ஜனங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்குப் போவோம். சுற்றிப் பார்ப்பார்கள், கண்டதையும் வாங்கிச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் தோட்டத்துக் கேட்டை மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

லோரியை ஆளில்லாமல் விடக் கூடாது. யாராவது அதில் அரிசியை ஒளித்து வைத்துவிட்டால் எல்லோருக்கும் கேடு. காவல் பொறுப்பு கிராணிக்கும் எனக்கும் சமம் என்றுதான் துரை சொன்னார். கிராணி தன் பாதியையும் எனக்கே தந்துவிட்டார். என் முறை எப்போது என்று கேட்டேன். "அடுத்த மாசம் நான் உக்காருறேன், நீ போய்ப் பாரு ரெங்கா" என்றார். பஸ், டாக்சி, லோரி என்று ஸ்டீயரிங் பிடித்த அண்ணன் தம்பிகளே, அந்த அடுத்த மாசத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற ஊர்களிலிருந்து ஜனங்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே லோரிக்குத் திரும்புவார்கள். கோலா சிலாங்கூர் மலையிலிருந்து இறங்கி வரும்போது மட்டும் ஒருவரும் பேச மாட்டார்கள். மேலே கலங்கரை விளக்கம் இருக்கிறது, கடல் தெரிகிறது என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்படி என்னதான் தெரிகிறது என்று அங்கே ஒரு தடவை நின்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஆரோக்கியம் கொண்டுவந்த மீ

கிள்ளானில் நான் பார்த்தது ஒரு சுவர். ஆனாலும் கிள்ளான் என்றால் எனக்கு இன்றும் நாக்கில் மீ கோரெங், அந்தப் பொரித்த நூடுல்ஸ் ருசிதான். காரணம் ஆரோக்கியம் என்ற, ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர். அவர் சம்சாரம் மரியம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி, லோரியில் ஏற முடியாது. மீ சாப்பிட ஆசை. வாங்கிவரவும் வழி இல்லை. "நல்லா கவனிச்சுச் சாப்பிட்டு வந்து சொல்லுங்க, போதும்" என்று அனுப்பியிருந்தது.

திரும்பும்போது ஆரோக்கியம் என் பக்கத்தில் கண்ணை மூடியபடி வந்தார். பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் கொஞ்சம் சிந்திவிடும் என்று பயம் போலிருக்கிறது. நானும் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன். தொழிலாளர் லயத்துக் குழாயடியில் அந்தம்மா காத்திருந்தது. அவர் அடுப்பிலிருந்து ஆரம்பித்தார். கருத்த சட்டி, பூண்டு பொரிகிற சத்தம், இறால் சிவக்கிற நேரம், கடைசியில் பிழிந்த எலுமிச்சை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் லயத்துப் புகையிலேயே இறால் வாசம் வந்தது. மரியம்மா வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி, கடைசி வாய்வரை கேட்டது. பிறகு சொன்னது: "எல்லாம் சரிதாங்க. உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

தூங்குமூஞ்சி மரத்தடியில்

புக்கிட் பெலிம்பிங் தாண்டி ரோட்டுத் தடுப்பு இருந்தது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். கையில் மிச்சம் இருப்பதை அங்கே தின்று தீர்த்துவிட்டுத்தான் தடுப்புக்குப் போவோம். எல்லோரும் இறங்கி, தென்னந்தோப்பைப் பார்த்தபடி மெல்லுவார்கள். மேலே இலைகள் மடங்க ஆரம்பித்திருக்கும். தூக்கத்தில் நடக்கிறவர்கள் நடுவழியில் நின்று சாப்பிடுவது மாதிரி இருக்கும். தடுப்பில் நிற்கும் மலாய்க்காரக் கான்ஸ்டபிள் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு முறை வீராயி அக்கா, வீட்டில் இருக்கும் தங்கச்சிக்கென்று ஜிலேபிப் பொட்டலத்தைக் கொண்டைக்குள் வைத்துப் பூவால் மூடிக்கொண்டது. கான்ஸ்டபிள் எல்லோருடைய பையையும் பார்த்தார், கொண்டையைப் பார்க்கவில்லை. போகச் சொல்லிக் கையைத் தூக்கும்போது ஒரு தேனீ வந்து அக்கா தலையைச் சுற்றியது. கழுத்தில் பாகு இறங்கிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போய்த் தின்றுவிட்டு வரும்படி மரத்தைக் காட்டினார். லோரியைத் திருப்பினேன். அக்கா கண் கலங்க ஜிலேபியைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தது. காலையிலிருந்து எதிர்க்கடைச் சீனர் கொடுத்த கோப்பியைத் தவிர என் வயிற்றில் ஒன்றுமில்லை. என் பங்கு என் கைக்கு வருமுன் கிராணி இடையில் கை நீட்டினார்: "உன் கையெல்லாம் கிரீஸ் ரெங்கா, வயித்துக்கு ஆகாது. நான் பார்த்துக்கிறேன்."

சாய்ந்த கோபுரம்

லோரியில் உட்கார்ந்தே பார்க்க முடிகிற காட்சி எனக்குத் தெரிந்து ஒன்றுதான், தெலுக் அன்சன் மணிக்கூண்டு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அன்று நேர் எதிரே லோரியை நிறுத்த இடம் கிடைத்தது. மத்தியான வெயிலில் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ உயரமான மனுஷர் குனிந்து என்னிடம் ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. கேட்பதற்கு நானும் சாய்ந்தேன். அப்படியே கண் அசந்தேன். அந்தத் தூக்கத்தில் எனக்கு எல்லா ஊரும் திறந்திருந்தது. கடைக்குக் கடை என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

கதவு தட்டிய சத்தத்தில் விழித்தேன். கிராணி ஆட்டுக்கறி சாப்பிட்டுப் பல் குத்திக்கொண்டு நின்றார். கோபுரம் எவ்வளவு அழகாகச் சாய்ந்திருக்கிறது பாருங்கள் என்றேன். இத்தனை நாளில் நான் அவருக்குக் காட்டிய ஒரே காட்சி அது. அவர் திரும்பிப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், சொன்னார்: "கோபுரம் நேராத்தான் நிக்குது லா. நீதான் லோரியக் கோணலா வுட்டிருக்க."

மலையில் பாதி

அவர் பேச்சைக் கேட்டு அன்று நான் இறங்கிப்போய் டயரைப் பார்த்தேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அந்த அடுத்த மாசம் வந்தது. கிராணியின் நல்ல மனசால் வரவில்லை. புதுச் சப்பாத்து அவர் குதிகாலைக் கடித்துவிட்டது. கோலா சிலாங்கூர் மலையடிவாரத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "போய்ட்டு வா, நான் இருக்கேன்" என்றார். அவர் மனசு மாறுவதற்குள் ஓடினேன். வறுத்த கடலை, கச்சாங் பூத்தே, ஒரு பொட்டலம் வாங்கினேன். மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு பிரிக்கலாம் என்று நினைத்தேன்.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. மரத்தில் சாம்பல் நிறக் குரங்குகள். குட்டிகள் மட்டும் பழுத்த ஆரஞ்சு நிறம். காற்றில் உப்பு இருந்தது. ஆரோக்கியம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மரியம்மாவோடு இறங்கி வந்தார். மீயை அடுப்பு முதல் எலுமிச்சை வரை சொன்ன மனுஷர், என்னைப் பார்த்து விரலால் மேலே காட்டினார், அவ்வளவுதான். கலங்கரை விளக்கத்தின் உச்சி தெரிந்தது. முன்னால் ஒரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் தரையே இல்லாதது போல வெறும் வெளிச்சம். இலைகளின் அடிப்பக்கம்கூட அந்த வெளிச்சத்தில் மினுங்கியது.

அப்போது கீழே லோரி ஹார்ன் நீளமாக அடித்தது. நிறுத்தவே இல்லை. ஆபத்து, ஓடி வாருங்கள் என்பதற்கு நாங்கள் வைத்திருந்த அடையாளம் அது. போலீசா, யாராவது அரிசி வைத்துவிட்டார்களா, துப்பாக்கிச் சத்தம் ஏதும் கேட்டதா? இறங்கி ஓடினேன். எனக்குப் பின்னால் மலையில் இருந்த நம் ஜனங்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். கிராணி முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்தார்: "மூஞ்சியில வெயில் அடிக்குது ரெங்கா. லோரியக் கொஞ்சம் நெழலுக்கு எடுத்து வுடு."

கல்யாண மண்டபத்தில்

நிழலுக்கு எடுத்து விடும்போதே புறப்படும் நேரமாகிவிட்டது. தூங்குமூஞ்சி மரத்தடியில் கச்சாங்கை எல்லோருக்கும் பங்கு வைத்தேன், ஒருவரைத் தவிர. அடுத்த மாசமே அவருக்குக் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றல். பிறகு அவசரகாலம் முடிந்தது, வேலியைப் பிரித்தார்கள், பஸ் வந்தது, ஊர் பார்க்க யாருக்கும் என் லோரி தேவைப்படவில்லை.

இப்போது மகன் கார் வைத்திருக்கிறான். அந்த மலைக்குப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறான். நான் ஏறுவதில்லை. அடிவாரத்தில் காரிலேயே இருக்கிறேன். ஏறிவிட்டால் கிராணி எனக்குப் பட்ட கடன் தீர்ந்ததாகிவிடும். பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டே ஏறுகிறார்கள். இறங்கும்போது அவர்களும் பேசாமல்தான் வருகிறார்கள். அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் அவர்கள் முகத்தில் ஒட்டியிருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.

போன வருஷம் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் தேவசகாயம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். தலை முழுக்க வெள்ளை, கையில் தடி. என்னை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்தார். சரி, மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், பாயாசத்தைக்கூடத் தள்ளி வைத்தேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இவன் மலை பார்க்கணும்னு நான் ஒருநாள் வெயில்ல காஞ்சேன் சார், இன்னி வரைக்கும் இவன் வாயில அதுக்கு ஒரு நன்றி வரல."

ஆகவே அவர் திரும்ப வந்து வெயிலில் உட்காரும் வரைக்கும் அந்த வளைவுக்கு அப்பால் இருக்கும் கடல் எனக்கு வர வேண்டிய பாக்கியாகவே இருக்கட்டும், நான் அடிவாரத்தில் காத்திருக்கிறேன்.