அமலா எறும்பைக் கண்டு அலறிய கதை

எங்கள் தெரு அமலா செஞ்சி கடைவீதியில் பூ விற்கிறாள். வாய் நீளம், யாருக்கும் அடங்கமாட்டாள். அவளை ஆட்டி வைப்பது ஒரே பயம்: சக்கரை வியாதி. அவளைப் பெற்ற நைனா அந்த வியாதியில்தான் கண்ணெதிரே ஈர்க்குச்சியாய் இளைத்துச் செத்தார்.

போன மாதம் அவள் புருஷன் பார்த்திபன் லீவில் வந்தான். பட்டாளத்துக்காரன், லடாக்கில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கியவனைப் பார்த்ததும் பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவனுக்குக் கன்னம் ஒட்டி, பேன்ட் பெல்ட்டின் தயவில் நின்றது.

"இன்னாங்க இப்டி ஆயிட்டீங்க? சோறு போடலியா?"

"போடறாங்க. மலை மேல பசியே எடுக்கல அமலா."

செஞ்சிக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? ராஜகிரிக் கோட்டை மலை ஏறி இறங்கியவன் ஒரு சட்டி சோற்றை ஒற்றை ஆளாகக் காலி பண்ணுகிற ஊர். மலையில் பசிக்கவில்லை என்றால் சக்கரையேதான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவும் பயம். டாக்டர் ஆமாம் என்றுவிட்டால்? வாயைத் திறக்காமல் சோற்றை நிறுத்தினாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். மூன்று வேளையும் கூழ். பைத்தியக்காரி! போதாததற்கு, மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சக்கரை என்பார்களே, தினமும் பாத்ரூமில் எறும்பு தேடினாள்.

ஒருநாள் காலை கொடியில் கிடந்த அவன் பேன்ட்டில் சாரைசாரையாக எறும்பு.

"ஐயோ, மலையனூர் தாயே!"

அந்த அலறலில் நான் கையில் கரண்டியோடு ஓடினேன். பார்த்திபன் திருட்டு முழி முழித்தபடி பேன்ட் பையிலிருந்து பாதி கடித்த வெல்லத்தை எடுத்தான்.

"பசி தாங்கல. நீ கூழா ஊத்தற, இன்னா பண்றது?"

"அப்போ சக்கரை?"

"வரும்போது ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லடி. அந்த உசரத்துல காத்து கம்மி. சும்மா இருந்தாலே உடம்பு கரையும், பசி மட்டும் வராது. பசிக்கலன்னாலும் சோறு தின்னு, இனிப்பு தின்னுன்னு அங்க டாக்டரே திட்றாரு. கீழ வந்தா பசி தானா திரும்பிடும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று மதியம் அவன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

நேற்று லீவு முடிந்து கிளம்பினான். பை நிறைய வெல்லம் கட்டிக் கொடுத்தாள். பஸ் போன பிறகும் மலையனூர் தாயை வேண்டிக்கொண்டே நின்றாள்.

"அதான் சக்கரை இல்லன்னு ஆயிட்டுதே, இன்னும் இன்னாடி பயம்?" என்றேன்.

"சக்கரைன்னா மாத்திரை குடுத்துப் பக்கத்துலயே வெச்சிக்குவேங்க்கா. அந்த மலைக்கு நான் இன்னா குடுக்கறது?"