கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் எங்கள் வயல் வட்டையில் விதைப்பு. வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரத்தை, வயல் செய்யும் கமக்காரர் எல்லோருக்கும் மெசேஜில் அறிவிக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதியிருந்தேன். வீட்டில் ஒழுங்காக ஓடியது. கமக்கார அமைப்பின் பழைய கணினியில், முதல் தமிழ் எழுத்தைக் கண்டதுமே படுத்துவிட்டது.

"இன்று பின்னேரம் தண்ணீர் வரும். முளை வீச வேண்டாம்." இதுதான் அன்றைய செய்தி. முளைவிட்ட நெல்லைச் சேற்றில் வீசியபின் தண்ணீர் பாய்ந்தால் அவ்வளவும் அள்ளுண்டு போகும். அக்காவின் புருசன் ஊறப்போட்ட நெல்லும் அன்றைக்குத்தான் முளைவிட்டிருந்தது.

அனுப்புமுன் ஒருமுறை பார்க்கலாமே என்று, செய்தியைக் கணினியின் கறுப்புத் திரையில் காட்டும் வரி ஒன்றைப் புரோகிராமில் வைத்திருந்தேன். சனியன் அதில்தான் இருந்தது. எழுத்துருவை மாற்றினேன், பெட்டி பெட்டியாக வந்தது. குறியாக்கத்தை மாற்றினேன், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக எழுத்துகள் பிய்ந்து கிடந்தன. பிறகு திரும்பவும் படுத்தது. அமைப்பின் தலைவர் என் கதிரைக்குப் பின்னால் நின்று, "தம்பி, போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழும்பி ஓடவும் வழியில்லை.

கடைசியில், தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுக்கொண்டு ஓடித்தொலை என்று புரோகிராமுக்குச் சொன்னேன். ஓடியது. திரை முழுக்கக் கேள்விக்குறிகள். திரைக்குத்தானே தமிழ் தெரியாது, உள்ளே செய்தி பத்திரமாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"போயிட்டு ஐயா" என்றேன்.

உள்ளேயும் கேள்விக்குறிதான்; எல்லோருக்கும் அதுவேதான் போயிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. போன் அடிக்கத் தொடங்கியது.

"என்ன தம்பி, கேள்வி கேட்டு அனுப்பியிருக்கீங்க? ஒண்டும் விளங்கல்லயே."

ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர். அத்தானுக்குப் போன் எடுக்க இடைவெளி கிடைக்கவில்லை. தலைவரின் போனைக் கேட்கலாமென்றால் அதுவும் அடித்துக்கொண்டிருந்தது. குளத்துக் கதவைத் திறந்தாயிற்று என்று யாரோ சொன்னார்கள். மூடச் சொல்ல நான் யார்?

ஒருவழியாகப் போன் ஓய்ந்தபோதுதான் வந்திருந்த மெசேஜ்களைப் பார்த்தேன். ஊரே கேள்வி என்னவென்று கேட்டது. விதைப்புக் காலத்தில் நான் வழமையாக என்ன கேட்பேன் என்று அத்தானுக்குத் தெரியும். அவர் பதிலே அனுப்பியிருந்தார்.

"ஓம் மச்சான், நீங்க கேட்டது விளங்கிட்டு. முழுக்க வீசி முடிச்சாச்சு."