இரட்டைப் பூட்டு மாத்திரை

“மருந்துக் கடையில ‘இருக்கு’ன்னு யார் வேணா சொல்லலாம். ‘இல்லை’ன்னு சொல்லிட்டு அந்த முகத்தைப் பார்க்கிறதுதான் கஷ்டம்” என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர். இரண்டாயிரத்து மூன்றில், துபாய் சத்வாவில் நாங்கள் சின்னதாக ஒரு மருந்துக் கடை திறந்த வாரம் அது. அவர் பார்மசி படித்தவர், நான் பத்தாவதோடு நின்றவள். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து, படிப்பும் வேலையுமாகச் சென்னையில் இருந்தார்கள். ஃபிளாட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பானேன் என்று நானும் கடைக்கு வந்துவிட்டேன். மருந்து அவர் பொறுப்பு. கல்லாவும் ஷாம்பு அலமாரியும் என் பொறுப்பு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும், “முருகா, வியாபாரமும் நடக்கணும், யாருக்கும் பெரிசா நோயும் வரக் கூடாது” என்று கும்பிடுவேன். இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்பது அவன் பாடு.

வளைகுடாவில் மருந்து விற்றவர்களும் வாங்கியவர்களும் என்னைப் போலத்தான் பட்டிருப்பீர்கள். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

இந்தியத் தொண்டை

அந்த ஊரில் கஞ்சாவும் அபினும் மட்டும்தான் குற்றம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. நம் ஊரில் இருமலுக்கு வாங்கிக் குடிக்கிற சில மருந்து, சில வலி மாத்திரை, சில வலிப்பு மாத்திரை எல்லாவற்றையும் அங்கே அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதற்கென்று இருக்கும் டாக்டர் தனிச் சீட்டில் எழுத வேண்டும். எழுதிய இரண்டொரு நாளுக்குள் வாங்க வேண்டும். அதையும் தனி அனுமதி வாங்கிய கடையில்தான் வாங்க முடியும். பெரிய ஆஸ்பத்திரிக் கடைகளில் அந்த அனுமதி இருந்தது. எங்களை மாதிரி பொடிக் கடைகள், எதற்கு வம்பு என்று அந்தப் பக்கமே போவதில்லை.

பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு இது புரியவே இல்லை. ஏசி காற்றில் இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. ஊரில் அவர் குடிக்கும் மருந்தின் பேரைச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர், “அது இங்க ஜெயில் அண்ணாச்சி” என்று சொல்லி வேறு ஒரு பாட்டிலைக் கொடுத்தார். மூன்றாம் நாள் அண்ணாச்சி பாதி பாட்டிலோடு திரும்பி வந்து என்னிடம் முறையிட்டார்: “தாயி, நமக்கு இந்தியத் தொண்டை. இந்த ஊரு மருந்து சொல்றது அதுக்கு விளங்கல.”

ஊறுகாய் பாட்டில்

காளிமுத்து எங்கள் தெருமுனைத் தையல்கடையில் வேலை பார்த்தார். சாத்தூர்ப் பக்கம். அரபிகள் போடுகிற நீள வெள்ளை உடுப்பு, கந்தூரா என்பார்கள், அதற்குக் கழுத்து வேலை செய்வதில் கெட்டிக்காரர். கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, மெதுவாக ஒரு மாத்திரையின் பேரைச் சொன்னார். வலிப்பு மாத்திரை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு அது உண்டு. மாத்திரை போட்டால் ஒன்றும் இல்லை, விட்டால் விழுந்துவிடுவார். தையல்கடை முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பயம். காளிமுத்துவின் சம்பளத்தில்தான் ஊரில் இரண்டு தங்கைகள் படித்தார்கள்.

“இல்லையே தம்பி” என்றார் எங்கள் வீட்டுக்காரர். “இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?”

காளிமுத்து பையிலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே மாத்திரை. லீவுக்குப் போன ரூம்காரர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்ததாம். அட்டை இல்லை, பேர் இல்லை, சீட்டு இல்லை. மாத்திரை எல்லாம் லேசாக மஞ்சள் பூத்து, மூடியைத் திறந்தால் ஆவக்காய் வாசம். ஏர்போர்ட்டில் பிடித்திருந்தால் அந்த ரூம்காரரும் உள்ளே, இவரும் உள்ளே. எங்கள் வீட்டுக்காரர் மூடியை இறுக்கி மூடினார். “அட்டையிலிருந்து ஏம்ப்பா பிச்சீங்க?” என்று கேட்டார். லீவு முடிந்து பெட்டி கட்டிய எவருக்கும் தெரிந்த பதில்தான் வந்தது: “அட்டை இடத்தை அடைக்கும் அண்ணே. அந்த எடத்துல ரெண்டு பாக்கெட் சேவு வரும்ல?”

ஷாம்புவுக்கு ஜெயில் இல்லை

மறுநாள் காலை கடையை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்காரரே அவரைப் பக்கத்துத் தெருவில் அதற்கென்று இருந்த டாக்டரிடம் கூட்டிப் போய், முறையான சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஊறுகாய் பாட்டிலுக்கும் விடை கொடுத்தாயிற்று. ஆனால் மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் ஊரின் மறுபக்கம் தேராவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ், வரிசை எல்லாம் சேர்ந்து அரை நாள் போய்விடும். ஒவ்வொரு அரை நாளுக்கும் முதலாளி முறைத்தார். ரமலான் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஈதுக்குப் புதுத்துணி தைக்கிற அந்த மாதத்தில் தையல்காரர் தலை நிமிர முடியாது. அரை நாள் லீவு என்று வாய் திறந்தால் வேலையே போகும், மாத்திரையை விட்டால் மிஷின் மேலேயே விழுவார். “ரமலானுக்கு முன்னாடி நம்ம கடைக்கே அந்த அனுமதியை வாங்கிடுவோம்” என்றார் எங்கள் வீட்டுக்காரர். எனக்குப் பயம்தான். ஆனாலும் சரி என்றேன்.

அதற்கு எங்கள் கபீல் கையெழுத்துப் போட வேண்டும். கபீல் என்றால் கடையின் லைசன்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அந்த அரபிக்காரர். அவர் வந்தார், பால் விடாத சுலைமானி டீ குடித்தார், காகிதத்தைப் பார்த்தார். இந்தியில், “உனக்கு ஏன் இந்தத் தலைவலி? ஷாம்பு வில், சோப்பு வில். ஷாம்புவுக்கு ஜெயில் இல்லை” என்றார். யாருக்காகக் கேட்கிறோம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லவில்லை. நோயாளி விஷயம், சொல்லவும் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தைலம் வாங்க வந்து ஓரமாக நின்ற காளிமுத்து அதைப் பார்த்தார். பிறகு அவராகவே முன்னால் வந்தார். “அர்பாப் ஐயா, அந்த மாத்திரை எனக்குத்தான். என் முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று உடைந்த இந்தியில் சொன்னார். கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தத் தையல்கடையில்தான் கந்தூரா தைத்துக்கொள்ளும் கபீல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கழுத்து வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்தார்.

“இது நீ தைச்சதுதானே? அப்ப ஈதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எங்கே கையெழுத்து?”

கல்லாவில் பொட்டலம்

அனுமதி கேட்டால் முதலில் இரும்பு அலமாரி வேண்டும். அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. அதைக் கான்கிரீட் சுவரில் போல்ட் அடித்து இறுக்க வேண்டும். எங்கள் கடையில் மூன்று பக்கமும் பலகைத் தடுப்பு. இருந்த ஒரே கான்கிரீட் சுவரில் என் ஷாம்பு அலமாரி. அது நடுக்கடைக்கு வந்தது, வருகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு நாள் சோதனைக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார். கறுப்பு அபாயா, கையில் ஃபைல், சிரிப்பே கிடையாது. அலமாரியை ஆட்டிப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரி என்று தலையாட்டினார். போகிற போக்கில் கல்லாப் பெட்டியையும் திறக்கச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. பழனியிலிருந்து வந்த விபூதியை நான் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து முருகன் படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்திருப்பேன். நோயோடு வருகிற நம் ஆட்களுக்கு மருந்தோடு ஒன்று கொடுப்பது என் வழக்கம். எல்லாம் ஒரே அளவு, ஒரே மடிப்பு. அந்த அம்மா ஒன்றைப் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பொடி. போதை மருந்து அலமாரிக்கு அனுமதி கேட்கிற கடையின் கல்லாவில் பொட்டலம் பொட்டலமாக வெள்ளைப் பொடி! எங்கள் வீட்டுக்காரருக்கு, படித்த இங்கிலீஷ் அத்தனையும் மறந்துபோய்விட்டது. “அது வந்து... மேடம்... அது...” என்கிறார். நான் முருகா என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா கையிலிருந்த பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்தேன். நெற்றியில் பூசினேன். இன்னொரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டு கை கூப்பினேன். “காட், மேடம். சாமி” என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அவர் முகர்ந்து பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் தோளைத் தட்டி இந்தியில் சொன்னார்: “அம்மா, இதை வீட்டிலே வெச்சுக்கோங்க. மருந்துக் கடையிலே பொட்டலம் மடிச்சீங்கன்னா என் இதயத்துக்கு நான் மாத்திரை தேட வேண்டி வரும்.”

உஸ்தாதின் சந்தேகம்

ரமலானுக்கு முன்னாடி என்று நினைத்த அனுமதி நோன்பு தொடங்கிய பிறகுதான் வந்தது, மாத்திரையும் வந்து அலமாரிக்குள் ஏறியது. காளிமுத்து புதுச் சீட்டோடு வந்தார். ரமலான் பாதி தாண்டிவிட்டது, கையில் மாத்திரை தீரப் போகிறது. எங்கள் வீட்டுக்காரர் சாவியை எடுத்தார், பிறகு நின்றுவிட்டார். “பத்தாக்கா?” என்றார். லேபர் கார்டைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கார்டின் நகலே போதுமாக இருந்தது, புதிதாக அனுமதி வாங்கிய கடையில் மட்டும் இந்த மாத்திரைக்கு அசல் கார்டைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி அம்மா தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாஸ்போர்ட்டும் கார்டும் யாரிடம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலாளி டிராயரில்தான். பாகிஸ்தான்காரர், எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்டைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்.

“இவ்வளவு தூரம் வந்து இங்க மாட்டிக்கிச்சேம்மா” என்று காளிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என் மகன் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. “எந்திரி தம்பி. கபீல்கிட்டயே சொன்ன ஆளு நீ. நீ அங்க உஸ்தாத்கிட்ட கேளு, நான் இங்க முருகன்கிட்ட கேக்குறேன்” என்று அனுப்பி வைத்தேன். நோன்பு திறக்கிற பாங்கு சொல்லி முடிந்தது. தெரு அடங்கியது. யாரும் வரவில்லை. பிறகு கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு உஸ்தாத், பின்னால் தலை கவிழ்ந்தபடி காளிமுத்து. உஸ்தாத் கார்டைக் கவுன்டரில் அடித்து வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் கார்டைச் சரிபார்த்து, இரண்டு பூட்டையும் திறந்தார். எங்கள் கடையில் ஒரு நோயாளிக்காக அந்தப் பூட்டு திறந்தது அதுதான் முதல் தடவை. காளிமுத்து கையெழுத்துப் போட்டார், மாத்திரை அட்டை அவர் கைக்குப் போனது. உஸ்தாத் அதை வெடுக்கென்று பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னடா இது? உண்மையைச் சொல்லு.”

“மிர்கி, உஸ்தாத். வலிப்பு” என்றார் காளிமுத்து.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உஸ்தாத் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்த சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால் மனுஷன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைக்கிறார், தோள் குலுங்கச் சிரிக்கிறார். மாத்திரையைக் காளிமுத்துவின் சட்டைப் பையில் தானே செருகிவிட்டார். கார்டையும் அதோடு சேர்த்துச் செருகினார்.

“அட கழுதை, வலிப்புதானா! அரை நாள் அரை நாளாக் காணாமப் போறியே, எதிர்க்கடைக்காரன்கிட்ட சம்பளம் பேசப் போறியோன்னு நெனச்சு எனக்குச் சோறே இறங்கல!”

அந்த ஈதுக்கு எங்கள் கபீல் போட்டிருந்த கந்தூராவின் கழுத்து வேலையைப் பார்க்கத் தெருவே நின்றது. அதன் பிறகு சத்வாவில் வலிப்புக்கும், புற்றுநோய் வலிக்கும் சீட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் கடையைத் தேடி வந்தார்கள். இத்தனை கையெழுத்து, இத்தனை பூட்டு, இத்தனை பேர் சந்தேகம் எல்லாவற்றையும் தாண்டி ஒரு மாத்திரை ஒரு ஆளின் வாய்க்குப் போய்ச் சேர்கிற பிழைப்பை வியாபாரம் என்று சொல்ல வாய் வரவில்லை, தேர் நிலைக்கு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் அடுத்த முறை மருந்துக் கடையில் உங்கள் கார்டைக் கேட்டால், முறைக்காமல் எடுத்து நீட்டுங்கள்.