மகள் வாசித்துச் சொன்ன படம்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படத்துக்கு அடியில் ஓடும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் திரையில் அடுத்த வரி வந்துவிடும். அதனால் அந்தப் பிலிப்பைன்ஸ் படத்தை மகள்தான் எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். துபாயில் என் கணவரோடு அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் அழுதுகொண்டே பார்த்த படமாம். கணவர்தான் அதை மகளுக்கு அனுப்பியிருந்தார்.

அஸர் தொழுதுவிட்டு, அவித்த கடலையோடு உட்கார்ந்தோம். பத்து நிமிடம் போயிருக்கும்.

"அந்தப் புள்ள இவங்க பெத்தது இல்லியாம் உம்மா. எடுத்து வளக்குறாங்களாம்."

கையிலிருந்த கடலையைத் திரும்பத் தட்டில் போட்டேன்.

என் மகளும் நான் பெற்றவள் இல்லை. போலகத்தில் ஒரு வீட்டிலிருந்து பத்து நாள் குழந்தையாக வந்தவள். அப்போது என் கணவரின் அக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது. அவரை நானும் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் மார்க்கச் சட்டப்படி ஐந்து முறை வயிறு நிறைய அவர் பால் கொடுத்தால், என் கணவர் குழந்தைக்குப் பால் வழியில் தாய்மாமன் ஆகிவிடுவார். பெரியவளான பிறகும் அவர் முன்னால் அவள் முக்காடு போட வேண்டியதில்லை. அந்த ஐந்து முறையும் நான் கதவுக்கு வெளியே நின்றேன். குழந்தை பாதியில் தூங்கிவிட்டால் அது சேருமா என்று அப்போதே ஒரு பயம்.

பயம் அன்றைக்குத் தொடங்கியதுதான். கல்யாண வீட்டில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துப் பேசினால் மகளை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். நாளைக்கு அவள் நிக்காஹ்வில் பெற்ற தகப்பன் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். அதற்குள் நானே மகளிடம் சொல்லிவிட வேண்டும், வேறு யார் வாயாலும் அவள் கேட்கக் கூடாது. எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் கணவர் போனில் கேட்பார், "புள்ளகிட்ட சொல்லிட்டியா?" அடுத்த பெருநாளைக்கு என்பேன். வியாழக்கிழமைகளில் காரைக்கால்மேட்டு மீனை லாத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, "வாய் தவறிடாதீங்க லாத்தா" என்பேன். "எம் வாயிலேருந்து வருமா புள்ள?" என்று அவர் வஞ்சிரத்தை வாங்கிக்கொள்வார்.

"நான் போயி டீ போடுறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க உம்மா, இப்பதான் முக்கியமான கட்டமே. பாருங்க, அந்தம்மா அப்படியே நீங்கதான். கதவு தட்டுனாக்கூட பயப்படுது."

திரையில் அந்தத் தாய் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். எடுத்து வளர்த்த அந்தப் பெண் ஒரே வரியில் பதில் சொன்னாள். என் மகள் அதை வாசிக்கவில்லை.

"என்னவாம்?"

"எனக்கு முன்னாலயே தெரியும்னு சொல்றா." படத்தை நிறுத்தினாள். "எனக்கும் தெரியும் உம்மா."

பன்னிரண்டு வயதில் தெரிந்திருக்கிறது. மதரசாவில் யார் யார் முன்னால் முக்காடு வேண்டாம் என்று பாடம். மாமி மகன்கள், அதாவது லாத்தாவின் பிள்ளைகள், அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரே பால் குடித்ததால் இவளுக்கு அவர்கள் சகோதரர்கள். அவர்கள் வந்தால் "அவங்க முன்னால எதுக்கு முக்காடு?" என்று வீட்டில் நானே வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். பிள்ளை நேராக மாமியிடம் போய் ஏன் என்று கேட்டிருக்கிறாள். லாத்தா ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

"எட்டு வருசம். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே?"

"வாப்பாதான் வேணான்னாங்க. உம்மா தாங்க மாட்டா, அவளா சொல்றப்ப சொல்லட்டும்னு."

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"மாமி அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

மகள் என் தோளைப் பிடித்தாள். அவள் அழவில்லை. அழ வேண்டியதை எல்லாம் எட்டு வருடத்துக்கு முன்பே மாமி மடியில் அழுது முடித்திருப்பாள். அந்த அழுகை என் மடிக்கு வர வேண்டியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை நான் மீன் வாங்கவில்லை.

மறுநாள் ஜும்மா முடிந்து போன் வந்தது. மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பேசாதே என்று அவளுக்குக் கை காட்டினேன்.

சாப்பாடு, உடம்பு, வெயில் எல்லாம் விசாரித்துவிட்டு வழக்கம்போல் கேட்டார். "புள்ளகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

"யா அல்லாஹ்! எப்ப? புள்ள தாங்குச்சா? ரொம்ப அழுதுச்சா?" குரல் நடுங்க வேண்டிய இடத்தில் சரியாக நடுங்கியது. எத்தனை வெள்ளிக்கிழமை இந்தக் குரலை நம்பி நான் படுத்திருக்கிறேன்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழுதுச்சு" என்றேன். "பன்னெண்டு வயசுல."

அந்தப் பக்கம் காற்றாடி சுற்றும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"ஹலோ" என்றார். "லைன் சரியில்ல புள்ள. என்ன சொன்ன?"

நான் இன்னொரு முறை சொல்லவில்லை. போனை மகள் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போனேன்.