கொண்டையும் ஃப்ளோரினும்

எழுபதுகளில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. குள்ளம் என்று முன்பு வந்தவர்கள் என்னைத் தட்டிக்கழித்திருந்ததால், அன்று அம்மா என் உச்சந்தலையில் பெரிய கொண்டை போட்டு உட்கார வைத்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, “கொண்டையை எடுத்தா பொண்ணு இன்னும் குள்ளமா இருக்கும் போல” என்று கணவரிடம் கிசுகிசுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

பேச்சை மாற்ற மாப்பிள்ளை, “காலேஜ்ல என்ன படிக்கிறீங்க?” என்றார்.

அந்தக் கிசுகிசுப்பில் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியிருந்தது. “கெமிஸ்ட்ரி. குழாய்த் தண்ணியில வாசனை வருதே, அந்தக் குளோரினும், டிஞ்சர்ல இருக்கிற அயோடினும் ஒரே குடும்பம். அட்டவணையில கீழ போகப்போக அணு பெருசாகும். வெளி ஓரம் நடுக்கருவை விட்டுத் தள்ளிப்போறதால இழுக்கிற சக்தி குறைஞ்சிடும். எல்லாத்துக்கும் மேல ஃப்ளோரின். அதுதான் ரொம்பச் சின்னது. ஆனா அடுத்தவங்க எலக்ட்ரானைப் பிடுங்குறதுல அதை மிஞ்ச ஆளே இல்ல.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அப்போ எம் பையனையும் எங்கிட்டேயிருந்து பிடுங்கிருவியோ?” என்றார் அந்த அம்மாள்.

அதுவரை தரையைப் பார்த்திருந்த மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்: “பிடுங்கியாச்சும்மா.”

முதலில் சிரித்தது அவர் அம்மாதான். “சரி, நாள் பாருங்க. பேசத் தெரிஞ்ச ஒருத்தி வீட்டுக்கு வேணும்” என்றார்.

அவர்கள் கிளம்பியதும் கொண்டையை அவிழ்த்தேன். அதற்குப் பிறகு உயரத்துக்காக நான் தலை வாரியதே இல்லை.