படத்தில் விழுந்த குறி

நெடுந்தீவுத் துறையில் காற்று விழுந்துவிட்டது. பாய்வள்ளம் அசைய மறுக்கிறது. பொழுது போகாமல், கரையில் நிற்கும் மாட்டுக்காரரைப் பசுவோடு சேர்த்துப் படம் பிடிக்கிறேன். என் அமெரிக்கக் கமராவின் முதுகில் சின்னக் கதவொன்று உண்டு. அதைத் திறந்து ஊசியால் எழுதினால், எழுத்து படச்சுருளில் பதிந்து படத்தின் அடியில் வரும். இதை அவருக்கு விளக்கிவிட்டு ஊர்ப்பெயர் எழுதப்போன என்னை அவர் தடுக்கிறார்.

"மாட்டிலை சுட்ட குறி மற்றப் பக்கத்திலையெல்லோ இருக்கு. படத்தைப் பாத்திட்டு ஆரும் தங்கடை மாடெண்டு சொல்லிப்போடுவினம். என்ரை குறியைப் போட்டுவிடும்."

அவர் மணலில் கீறிக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். கதவை மூடுமுன் அவர் மனைவி கிட்ட வருகிறார்.

"பக்கத்திலை இந்த மனுசனும் நிக்கிறாரெல்லோ, தம்பி. அவருக்குக் கீழை என்ரை பேரை எழுதிவிடும்."